வலப்பக்கம் திறந்த புத்தகம்

அன்புள்ள மச்சான் காஜாவுக்கு,

உன் மாப்பிள்ளை சுப்பையா சொல்லச் சொல்ல எழுதப்படுகிற கடிதம் இது. எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது என்பது உனக்குத் தெரியும். கையெழுத்து நன்றாக இருக்கிற ஒருவரை உட்கார வைத்துச் சொல்கிறேன். என் பேச்சைத் திருத்தமாக எழுதலாம். ஆனால் எதையும் சேர்க்கவும் கூடாது, விழுங்கவும் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் அந்த ஆள் என்று நீ கேட்பாய். கடைசியில் சொல்கிறேன்.

உன்னிடம் நான் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

வருஷத்தை நம்பர் போட்டு எனக்கு ஞாபகம் இருக்காது. என்ன நடந்தது என்பதுதான் இருக்கும். முதலமைச்சர் இறந்துபோய், மார்கழியில் ஊரெல்லாம் கடை அடைத்துக் கிடந்ததே, அந்த வருஷம். ராஜபாளையத்தில் மில் சங்கு ஊதாமல், மணி என்ன என்று தெரியாமல் ஜனங்கள் தெருவில் நின்ற வருஷம். அதற்கு இரண்டு மாதம் முன்னால், தீபாவளி நெருக்கத்தில், என் மகள் செல்வி வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் எரிந்தது. அவளுக்குப் பதினேழு வயது.

அன்றைக்குக் காலையில் நான் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். செட்டியார்பட்டி முக்கில் ஆபீஸ் வேன் வந்து நின்று ஆரன் அடித்திருக்கிறது. "அய்யா, நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள் என்று அவள் அம்மா பேச்சியம்மாள் சொன்னாள். எனக்கு அது காதில் விழவில்லை. மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பார்க்க வேண்டாம் என்றார்கள். நானும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டுமா, மச்சான்? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் பேச்சை விட்டுவிட்டேன். மில்லில் பஞ்சுத்தூசியைக் கூட்டுவது, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்ப்பது. நீதான் விடவில்லை. எனக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, என் சட்டையை எடுத்து நீயே மாட்டிவிட்டு, கையைப் பிடித்து உன் கடைக்குக் கூட்டிப் போவாய். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவாய். ஒரு நாளாவது ஆறுதல் சொன்னாயா? இல்லை. "அந்தக் கட்டப் பிடி, இந்தச் சாக்கத் தூக்கு" என்பாய். அவ்வளவுதான்.

படிக்கிறவர்களுக்காக உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீயும் நானும் வாலிபத்தில் ராஜபாளையம் ஸ்டேஷனில் பஞ்சுப் பேல் ஏற்றியவர்கள். உங்கள் பள்ளிவாசல் தெருக்காரர்களும் எங்கள் தெருக்காரர்களும் மச்சான், மாப்பிள்ளை என்று முறை வைத்துக் கூப்பிடுவது அந்தப் பக்கத்தில் வழக்கம். அது நமக்கு வாயோடு நிற்கவில்லை. நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் ரஹ்மத்தைக் கட்டிக்கொண்டு, அங்கேயே பழைய பேப்பர் கடை போட்டபோது, அந்தப் பெண் என்னை அண்ணே என்றது, நான் தங்கச்சி என்றேன். பேப்பரைத் தரம் பிரித்து, மைதாப் பசை காய்ச்சி, பால்கோவாக் கடைகளுக்குக் கவர் ஒட்டிக் கொடுப்பது உன் தொழில். உனக்குப் பிள்ளை இல்லை. செல்விதான் உன்னை மாமா என்று கூப்பிட்ட ஒரே பிள்ளை.

கடை அடைத்துக் கிடந்த அந்த மூன்று நாளும் உன் கடை முன்னால் ஒரு லாரி நின்றது. கொச்சியிலிருந்து, கப்பலில் வந்த கழிவுத்தாளை ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போகிற லாரி. வெடிக்குக் குழாய் சுற்றுகிற தாள். ரோட்டில் கல்லெறிகிறார்கள் என்று மலையாளத்து டிரைவர் ஓட்டமாட்டேன் என்றுவிட்டார். மூன்று நாளும் ரஹ்மத்துதான் அவருக்குச் சோறு போட்டது. கிளம்பும்போது தார்ப்பாயைத் தூக்கி, புத்தகக் கட்டு ஒன்றை உருவி உன் கையில் கொடுத்து, பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

உனக்குப் பிள்ளை இல்லை. எனக்கு இல்லாமல் போய் இரண்டு மாதம். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வந்தபோது அந்தக் கட்டு நம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

அதை நீ பிரித்ததும் எனக்குக் கண் கூசியது. பளபளவென்று அட்டை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமாகக் கலர்ப் படம். எல்லாம் இங்கிலீஷ். பன்னிரண்டு கதை; சில கதையில் இரண்டு மூன்று பிரதி. நீ வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றை மடியில் வைத்து, வலப்பக்க அட்டையைத் திறந்தாய்.

உனக்குத் தெரிந்த படிப்பு ஓதப்பள்ளிக்கூடத்துப் படிப்பு. தமிழ் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. அரபு எழுத்தை விரல் வைத்து ஓதுவாய். ஆயுசில் நீ திறந்த ஒரே புத்தகம் வலப்பக்கம்தான் திறக்கும். கட்டத்தையும் வலக்கைப் பக்கமிருந்துதான் பார்த்தாய். எனக்கு அந்தப் படிப்பும் கிடையாது. புத்தகம் என்றால் அப்படித்தான் என்று நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

முதல் படத்தில் ஓர் உயரமான கட்டிடத்தின் உச்சியில் ஒருத்தன் மழையில் தன்னந்தனியாக நிற்கிறான். உடம்பை ஒட்டி உடுப்பு. தோளிலிருந்து முதுகுக்கு ஊதாத் துண்டு ஒன்று தொங்குகிறது.

"ஏலே மாப்ள, இவன் யாருன்னு தெரியல. மழையில நனையுதான். வீட்டுக்குப் போகப் பயந்துக்கிட்டு நிக்கான் போல" என்றாய்.

அது என்னைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். படத்தில் இருந்ததைத்தான் சொன்னாயா, என்னைப் பார்த்துச் சொன்னாயா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

ஒரு புத்தகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள நமக்கு ஒரு மாதம் ஆனது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் உள்ள வெள்ளைக்கோட்டில் நேரம் போகிறது என்பதை நீதான் கண்டுபிடித்தாய். வாயிலிருந்து வருகிற குமிழ் பேச்சு என்று நான் சொன்னேன். தலைக்கு மேலே சின்னச் சின்னக் குமிழாகப் போனால் அது வெளியில் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருப்பது என்று இரண்டு பேரும் சண்டை போட்டு முடிவுக்கு வந்தோம். "இந்தக் குமிழு ஒனக்குத்தான் அதிகம்லே. தல கொள்ளாம நிக்குது" என்று என் தலைக்கு மேலே கையால் விலக்கிவிட்டாய்.

ஊதாத் துண்டுக்காரர் உள்ஜட்டியை வெளியே போட்டிருப்பது ஏன் என்று நான் கேட்டேன். நீ செத்த நேரம் யோசித்து, "அவசரத்துல கெளம்பியிருக்காரு மாப்ள. யாரையோ காப்பாத்தப் போகையில எது உள்ள, எது வெளியன்னு பாத்துக்கிட்டா இருப்பாக?" என்றாய். நான் சிரித்துவிட்டேன். செல்வி போன பிறகு முதல் சிரிப்பு. நீ எழுந்து பசைச் சட்டியைக் கிளறப் போனாய். அடுப்பில் தீயே இல்லை, வெறும் சட்டியை வெகுநேரம் கிளறினாய். அதை நான் பார்த்தேன், மச்சான்.

கதை எப்படிப் போனது என்று இன்றைக்கும் கட்டத்துக்குக் கட்டம் சொல்வேன். மழையில் நின்றவர் கீழே இறங்குகிறார். தெருவெல்லாம் சுவர் இடிந்து, பாலம் முறிந்து கிடக்கிறது. குண்டு குண்டான ஆட்கள் தரையில் விழுந்து கிடக்கிறார்கள். இவர் கையை மடக்கி ஒருவன் தாடையில் வைக்கிறார். அடுத்த கட்டத்தில் அவன் எழுந்து நிற்கிறான். பாலத்தைத் தொடுகிறார், பாலம் சேர்ந்துகொள்கிறது. சுவர் தானாக எழும்புகிறது.

"பாத்தியா, இவரு தொட்டா ஒடஞ்சது சேருது. அதான் இவரு சக்தி" என்றாய்.

பன்னிரண்டு கதையும் அப்படித்தான். எல்லாம் இடிபாட்டில் ஆரம்பித்து, ஜனங்கள் காய் வாங்கிக்கொண்டு நடக்கிற சாதாரணத் தெருவில் போய் முடிந்தது. பறக்கிறவர்களின் தொழிலே இதுதான் என்று நாம் நம்பினோம். வெள்ளைக்காரன் எம்புட்டு நல்ல மனசோடு கதை எழுதியிருக்கிறான் என்று நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த முதல் கதையின் கடைசிப் பக்கங்களுக்கு வருகிறேன். துண்டைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சட்டையில் நடந்து போகிறார். ஒரு வீடு கரியாகக் கிடக்கிறது. அதன் முன்னால் முழங்கால் போட்டு அழுகிறார். அடுத்த கட்டத்தில் வீடு எரிகிறது. அடுத்ததில் தீ சின்னதாகிறது. அடுத்ததில் ஜன்னலில் மட்டும் கொஞ்சம். பக்கத்தைத் திருப்பினாய். வீடு முழுசாக நிற்கிறது. உள்ளே மேசையில் அவரும் பெண்டாட்டியும் ஒரு பெண்பிள்ளையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அவரைப் பார்த்துச் சிரிக்கிறது.

நீ விரலை அந்தப் பிள்ளை மேல் வைக்காமல் பக்கத்தில் வைத்தாய். உன் குரல் வேறு மாதிரி இருந்தது. "தீய உள்ளங்கையில வாங்கிக்கிட்டாரு மாப்ள. பிள்ள வந்துட்டா. சோறு திங்கா."

சாக்கில் முகத்தை வைத்து நான் அழுதது உன் கடையில்தான். ஆஸ்பத்திரியில் அழவில்லை, சுடுகாட்டில் அழவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம், செவ்வாய்க்கிழமை தவறாமல் படித்தோம். நீ வந்து கூப்பிட வேண்டியதில்லை, நானே பஸ் ஏறி வந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பேச்சியம்மாளுக்குச் சொல்வேன். முதலில் அவள் காது கொடுக்காமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அரிவாள்மணையை மடக்கிவிட்டு, "அந்தப் பிள்ள தட்டுல என்ன இருக்கு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை உன்னைக் கேட்டேன். நீ பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "மஞ்சளா இருக்கு. கேசரின்னு சொல்லு" என்றாய். சொன்னேன். அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினாள். செல்விக்கு அது பிடிக்கும்.

பெரிய மழையில் கண்மாய்கள் உடைந்ததற்கு அடுத்த வருஷம். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய புத்தகங்களில் ஊதாத் துண்டுக்காரரைப் பார்த்தேன். அதே முகம். கூட்டத்தில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. கடைக்காரர் தமிழில் வந்திருக்கிறது என்றார். வாங்கிவிட்டேன். உன்னிடம் ஓடிவந்து காட்டத்தான் வாங்கினேன், சத்தியமாக.

பஸ் வரவில்லை. டீக்கடையில் தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்துக்காட்டுகிற சண்முகம் உட்கார்ந்திருந்தார். இதைக் கொஞ்சம் படிங்கள் என்று கொடுத்தேன். அவர் இடப்பக்கம் திறந்தார். பின்னாலிருந்து திறக்கிறீர்களே என்று நான் திருத்தினேன். டீக்கடையே சிரித்தது.

"பேப்பர நீரு எந்தப் பக்கத்துலருந்து படிப்பீரு? தலப்புச் செய்தி வாலுலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் படிக்க ஆரம்பித்தார்.

முதல் கட்டத்தில் மேசை, சாப்பாடு, பிள்ளை சிரிக்கிறது. எனக்குத் தெரிந்த படம். இரண்டாவது கட்டத்தில் ஜன்னலில் தீ. வீடு எரிந்தது. வெளியூர் போயிருந்த தகப்பன் ஓடிவந்து கரிக்குவியல் முன்னால் விழுந்தான். பெண்டாட்டியும் போனாள், மகளும் போனாள். அந்த வெறியில் துண்டை மாட்டிக்கொண்டு ஊரில் உள்ளவனையெல்லாம் அடித்தான். சுவரை இடித்தான். பாலத்தை முறித்தான். கடைசியில் கட்டிடத்து உச்சியில் மழையில் நின்றான். அவன் வாய்க்குமிழில் இருந்ததைச் சண்முகம் படித்தார்: "இனி எனக்கு வீடு இல்லை."

"நல்ல அடிதடிக் கதை" என்று புத்தகத்தை மடக்கிக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை.

என் மகள் இரண்டாவது தடவை செத்தாள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

பஸ் ஏறி வந்தேன். உன் கடையில் பால்கோவாக்காரர்கள் இரண்டு பேர் கவருக்காக நின்றார்கள். உள்ளே திரைக்குப் பின்னால் ரஹ்மத்து பசை தடவிக்கொண்டிருந்தது. புத்தகத்தை உன் தராசுத் தட்டில் எறிந்தேன். தலைகால் தெரியாமல் கத்தினேன். கத்தியதில் பாதி எனக்கு ஞாபகம் இல்லை. ஒன்று மட்டும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"என் பிள்ள வெந்து செத்தத வச்சி அஞ்சு வருசம் வேடிக்க காட்டியிருக்க. ஒனக்குன்னு ஒரு பிள்ள இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அதுதான் நான் திரும்ப வாங்க வேண்டிய வார்த்தை. விழுங்காமல் எழுது என்று சொன்னேன். எழுதியாகிவிட்டது.

நீ தராசிலிருந்து புத்தகத்தை எடுத்து, கசங்கிய அட்டையை உள்ளங்கையால் நீவினாய். "நீ எந்தப் பக்கத்துலருந்து படிச்சாலும் எனக்குச் சம்மதம் மாப்ள. டீ சொல்லுதேன், குடிச்சிட்டுப் போ" என்றாய். நான் குடிக்கவில்லை. மூன்று வருஷம் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏன் போகவில்லை என்று பேச்சியம்மாள் கேட்டாள். கதை முடிந்துவிட்டது என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் மறுபடி கேசரி கிண்டவில்லை.

மூன்றாவது வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கூட்டம் எங்களை உன் தெருமுனையில் கொண்டுவந்து தள்ளியது. நீ கடையில் இருந்தாய். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாய், எனக்கு அது புதுசு. மெலிந்திருந்தாய். திருவிழாக் கூட்டத்துக்குக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தாய். நாற்பது எட்டு நடந்தால் உன் கடை. நான் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்று உன்னைப் பார்த்தேன். வீம்பு. பேச்சியம்மாள் என் முதுகில் கை வைத்தாள். நான் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய். பசைத்தட்டிலேயே சாய்ந்தாயாம். எனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது மண் காய்ந்திருந்தது. நான் ஒளிந்துபோய்விட்டேன், மச்சான். எந்த முகத்தோடு வருவேன்? நாற்பதாம் நாள் ஓதுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அன்றைக்குத்தான் வாசலில் வந்து நின்றேன். "வாங்கண்ணே" என்றது தங்கச்சி. அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு ஒரு டிரங்குப்பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தது. கனமான புத்தகம். நீ ஒட்டிய கவர்த்தாளில், கலர்ப் படங்கள் ஒவ்வொரு கட்டமாக வெட்டி ஒட்டியிருந்தன. அதே கதை. ஒரே தாளின் இரண்டு பக்கமும் படம் இருந்ததால் இரண்டு பிரதியை வெட்டியிருக்கிறாய். பேல் கட்டுகிற சணலால் தைத்திருந்தாய். இடப்பக்கம் திறந்தேன். கட்டிடத்து உச்சியில், மழையில், ஊதாத் துண்டுக்காரர் தனியாக நின்றார்.

பக்கங்களைத் திருப்பினேன். சுவர் எழும்பியது, பாலம் சேர்ந்தது. சண்முகம் மாதிரி இடப்பக்கம் திறக்கிறவர் படித்தாலும், இந்தப் புத்தகத்தில் பிள்ளை கடைசியில் வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். அப்படிச் செய்து வைத்திருந்தாய்.

தங்கச்சி அப்போதுதான் சொன்னது. அஞ்சாம் வகுப்பு வரை தமிழ் படித்த பெண் அது. நாம் படிக்க ஆரம்பித்த முதல் மாதமே பார்த்துவிட்டதாம்.

"புஸ்தகத்தப் பின்னாலருந்து படிக்கீகன்னு நான்தான் அவியகிட்டச் சொன்னேன்ணே. மறுநா காலையில எந்திரிச்சி, 'முன்னாலருந்து படிச்சா மாப்ள மக செத்துப்போறா, ரஹ்மத்து. நான் படிக்கிறபடியே படிச்சிட்டுப் போறேன். நீ வாயத் தொறக்காத'ன்னாக."

ஐந்து வருஷம் தெரிந்தே படித்திருக்கிறாய். நான் கத்திய அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். ஏன் சொல்லவில்லை? எனக்கு வலிக்கும் என்றா? உனக்கு வலித்ததற்கு என்ன கணக்கு?

தங்கச்சி இன்னொன்றும் சொன்னது. தேரன்றைக்கு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்ற என்னை நீ பார்த்துவிட்டாயாம். "மாப்ள வந்திருக்கான். வருவான், கொஞ்சம் வீம்பு எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு இரண்டு டீக்குச் சொல்லியனுப்பினாயாம். ஒன்றைக் குடித்தாயாம். இன்னொன்று ஆறி ஆடை படிகிற வரைக்கும் அதை எடுக்கவிடவில்லையாம்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. செத்த நேரம் பொறுத்து எழுதலாம் என்றேன்.

இப்போதைய செய்திகளைச் சொல்கிறேன். உன் கடை இருந்த இடத்தில் போன் பேசுகிற பூத் வந்திருக்கிறது. பால்கோவாவை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள். வீடுகளில் கேபிள் இழுத்துவிட்டார்கள். பறக்கிற ஆட்கள் டிவியில் தினமும் வருகிறார்கள். பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தேன். அடிக்கிறார்கள், விழுகிறான், இடிகிறது. விழுந்தவன் எழுந்திருக்கிற வரைக்கும் யாரும் காத்திருப்பதில்லை. எழுந்து வந்துவிட்டேன். எனக்கு மில்லில் வேலை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கண் ஒன்றில் புரை.

உன் புத்தகத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தங்கச்சியிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை வந்து பார்த்துக்கொள்கிறேன். லீவு என்று ஒன்று இப்போது கிடையாது, ஆனாலும் செவ்வாய்க்கிழமைதான். இத்தனை தடவை பார்த்தும் கடைசித் தாளை மட்டும் நான் திருப்பியதில்லை. ஜன்னலில் கொஞ்சம் தீ இருக்கிற கட்டத்தோடு மூடிவிடுவேன். அதைத் திருப்பினால் கதை முடிந்துவிடும். முடிந்தால் நீ போனதும் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

நாம் படித்த புத்தகங்களில் பேச்சுக்குமிழ் எந்தப் பக்கம் போனது என்று யோசித்துப் பார், மச்சான். முதலில் எதிராளி முகம் சுருங்கும். அடுத்த கட்டத்தில் குமிழ் இருக்கும். அதற்கடுத்த கட்டத்தில் சொன்னவன் வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்பான். சொன்ன சொல் திரும்ப அவன் வாய்க்குள்ளேயே போய்விட்டது என்பாய் நீ. என் சொல்லையும் அப்படித் திரும்பப் போகவிடு. நான் உன் கடை வாசலில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். நீ டீ சொல்லு. இந்தத் தடவை குடிக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அந்தக் கடைசித் தாளைத் திருப்புவேன். என் பிள்ளை முன்னால் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் போயிட்டு வாரேன் என்று சொன்னால், இந்தத் தடவை தூங்காமல் கேட்பேன்.

தனியாகத் திருப்ப மாட்டேன். இந்தக் கதை தெரிந்தவர்கள் யார் யார் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தேன். பேச்சியம்மாள் போன மாசியில் போய்விட்டாள். டீக்கடைச் சண்முகம் அதற்கு முன்னாலேயே போனார். மலையாளத்து டிரைவர் இருக்கிறாரோ என்னவோ, அவருக்கு இந்தக் கதை தெரியாது. நான் என்னை எண்ணவில்லை. மிச்சம் ஒரே ஓர் ஆள். பிள்ளை இல்லாத வீட்டில் நான் கத்திய வார்த்தையைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்ட ஆள். அதே வார்த்தையை, நான் கேட்டுக்கொண்டபடி ஓர் எழுத்தும் விழுங்காமல், இந்தத் தாளில் தன் கையால் எழுதிய ஆள். கேசரி கிண்டி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிற, உன் பெண்டாட்டி, என் தங்கச்சி ரஹ்மத்து.

என்றும் உன் மாப்பிள்ளை,
சுப்பையா
(இடது கைப் பெருவிரல் ரேகை)